வருமான வரியை எடுத்துவிட்டு நுகர்வு வரி: நான்கு வடிவங்களும் ஏய்ப்பு ஒளிந்துகொள்ளும் இடங்களும்

“சம்பாதிப்பதற்கு ஏன் வரி? செலவுக்குப் போடுங்கள். கணக்கில் காட்டாத பணம் வைத்திருப்பவனும் கார் வாங்கத்தானே வேண்டும், அப்போது மாட்டிக்கொள்வான்.” வருமான வரியை ஒழிக்கச் சொல்பவர்களின் வாதங்களில் கேட்டதும் மனதில் ஒட்டிக்கொள்வது இதுதான். எனவே முதலில் இதையே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு மருத்துவர் 100 சம்பாதிக்கிறார். வருமான வரி 25 சதவீதம். மீதி 75-ஐக் கடத்தல்காரர் ஒருவரிடம் கொடுத்துப் பொருள் வாங்குகிறார். எந்தக் கணக்கும் எழுதாத கடத்தல்காரர் அந்த 75-க்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குகிறார். அரசுக்கு வந்தது 25. இப்போது வருமான வரி இல்லை. விற்கும் விலைக்குள் 25 சதவீதம் நுகர்வு வரி. மருத்துவர் 100-ஐயும் கடத்தல்காரரிடம் கொடுக்கிறார். அவர் அதற்கு வரி வசூலித்துக் கட்டப்போவதில்லை. அந்த 100-க்கு மோட்டார் சைக்கிள் வாங்கும்போது அரசுக்கு 25 வருகிறது. முன்பு கடத்தல்காரரின் வருமானம் தப்பியது, இப்போது அவருடைய விற்பனை தப்புகிறது. கஜானாவில் அதே 25தான்.

ஆக, வரியின் பெயரை மாற்றினால் ஏய்ப்பு குறைந்துவிடாது. வேறு இடத்தில் போய் உட்காரும். அந்த இடத்தில் அதைப் பிடிக்க நம்மிடம் ஆளும் ஆவணமும் இருக்கின்றனவா என்பதை வைத்துத்தான் எந்த வடிவம் என்று முடிவு செய்ய வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், சாட்சி. பணம் கைமாறும்போது, பொய் சொன்னால் ஆதாயம் இல்லாத ஒருவர் அதை எழுதி வைக்கிறாரா? அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ், 2011–2013 வரி ஆண்டுகளுக்குச் செய்த மதிப்பீடு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. முதலாளி பிடித்தம் செய்து, அரசுக்குத் தகவலும் அனுப்பும் சம்பள வருமானத்தில் மறைக்கப்பட்டது சுமார் 1 சதவீதம். யாரும் தகவல் தராத வருமானத்தில் மறைக்கப்பட்டது 55 சதவீதம். அதே நாடு, அதே சட்டம், அதே அதிகாரிகள். சாட்சி இருந்ததும் இல்லாததும்தான் வேறுபாடு. வருமான வரியை முழுவதும் எடுப்பவர்கள், மோசமாகக் கசியும் பகுதியோடு சேர்த்து, ஏறக்குறைய கசிவே இல்லாத அந்தச் சம்பளப் பிடித்தத்தையும் தூக்கி எறிகிறார்கள். இந்த மாற்றத்தின் மிகப் பெரிய மறைமுகச் செலவு இதுதான்.

இரண்டாவது, வீதம். இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், கீழே வருகிறது. மூன்றாவது, ஒருவர் ஏமாற்றினால் எவ்வளவு போகும்: அந்த ஒருவரின் பங்கு மட்டுமா, மொத்தச் சங்கிலியின் வரியுமா, அல்லது கஜானாவிலிருந்தே பணம் வெளியே போகுமா? நான்காவது, வருமானம் முழுவதையும் செலவழித்தே தீர வேண்டிய குடும்பத்தின் சுமை. ஐந்தாவது, வரி மாறும் அந்த ஒரு நாளில் நடக்கப்போகும் கூத்து.

## வீதத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம்

வருமான வரியை எடுத்துவிட்டுத் தேசிய விற்பனை வரி வைக்கச் சொல்லி, அமெரிக்க நாடாளுமன்றத்தில் 1999-ல் உறுப்பினர் ஜான் லிண்டர் முதன்முதலில் கொண்டுவந்த ‘ஃபேர்டாக்ஸ்’ மசோதாவின் வீதம் 23 சதவீதம். கடையில் அது 30 சதவீதமாகத் தெரியும். இரண்டுமே உண்மை. வாடிக்கையாளர் கொடுக்கும் 100-ல் பொருளுக்கு 77, வரிக்கு 23. மொத்தத்தில் பார்த்தால் 23 சதவீதம். பொருளின் விலைக்கு மேல் பார்த்தால் 23-ஐ 77-ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 30. வருமான வரி முதல் வகையிலும், கடைகளில் போடும் வரி இரண்டாவது வகையிலும் சொல்லப்படுவது வழக்கம். இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது ஒரே வகைக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

இப்போது எளிய கணக்கு. ஒரு நாட்டின் மொத்த வருமானம் 100. வருமான வரியாக 20 வசூலாகிறது. அதே 20-ஐ நுகர்விலிருந்து எடுக்க வேண்டும். மக்கள் 20 சேமித்து 80 செலவழிக்கிறார்கள். விலைக்குள் அடங்கிய வீதம் 20/80, அதாவது 25 சதவீதம். விலைக்கு மேல் போட்டால் 33. அடுத்து, உணவுக்கும் மருந்துக்கும் வரி வேண்டாம் என்று செலவில் கால்வாசிக்கு விலக்குத் தருகிறார்கள். வரிக்கு மிஞ்சியது 60. உள்ளடங்கிய வீதம் 33, விலைக்கு மேல் 50. கடைசியாக, அந்த 60-ல் 15 சதவீதம் பில் இல்லாமல் போகிறது. மிஞ்சியது 51. உள்ளடங்கிய வீதம் 39, விலைக்கு மேல் கிட்டத்தட்ட 65 சதவீதம்.

விலைக்கு மேல் 33-ல் தொடங்கிய பேச்சு ஒரு விலக்கிலும் ஓரளவு ஏய்ப்பிலும் கிட்டத்தட்ட 65-ல் வந்து நிற்கிறது. வீதம் ஏற ஏற பில் போடாமல் விற்பதன் லாபமும் ஏறும், அதனால் ஏய்ப்பும் ஏறும், அதை ஈடுகட்ட வீதம் மறுபடி ஏறும். இந்தச் சுழலைக் கணக்கில் சேர்க்காத எந்தத் திட்டத்தையும் நம்ப வேண்டாம்.

## வழி 1: சில்லறை விற்பனை வரி

கடைசி வாடிக்கையாளருக்கு விற்கும் கடை மட்டும் வரியை வசூலித்துக் கட்டும். தொழிலுக்காக வாங்குபவர் சான்றிதழைக் காட்டி வரி இல்லாமல் வாங்கலாம். படிவம் எளிது, மக்களுக்குப் புரியும், எவ்வளவு வரி கட்டினோம் என்று பில்லிலேயே தெரியும். இந்த வெளிப்படைத்தன்மை உண்மையிலேயே மதிக்கத்தக்கது.

ஓட்டைகள் இரண்டு. முதலாவது அந்தச் சான்றிதழ். மடிக்கணினியும் காரும் நாற்காலியும் தொழிலுக்கா வீட்டுக்கா என்று பொருளைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெயருக்கு ஒரு தொழிலைப் பதிவு செய்துவிட்டால் வீட்டுச் சாமான் எல்லாம் வரியில்லாமல் வந்து சேரும். சான்றிதழைச் சோதிப்பதில் கடைக்காரருக்கு எந்த ஆதாயமும் இல்லை; சோதித்தால் வாடிக்கையாளர்தான் போய்விடுவார். சான்றிதழ் விதியைக் கடுமையாக்கினால் உண்மையான தொழிலின் உள்ளீடுகள் மீதே வரி விழுந்து, அது விலையில் ஏறி, அதன் மீது மறுபடி வரி விழும்.

இரண்டாவது, மொத்த வரியும் ஒரே கையில் தங்குவது. ஆயிரக்கணக்கான சிறு கடைகளில் எந்தக் கடை மூடிவிட்டுப் போனாலும் அதுவரை சங்கிலியில் சேர வேண்டிய வரி முழுவதும் போச்சு.

வீதம் குறைவாக இருந்தால் இவற்றைத் தாங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் மாநில அளவிலான விற்பனை வரி வீதங்களில் உச்சமே கலிஃபோர்னியாவின் 7.25 சதவீதம். இந்த வரியை வைத்திருந்த சுவீடன் 1969-லும், நார்வே 1970-லும், ஐஸ்லாந்து 1990-லும் மதிப்புக் கூட்டு வரிக்கு மாறின. 2005-ல் அமெரிக்க அதிபர் அமைத்த வரிச் சீர்திருத்தக் குழுவும் தேசிய விற்பனை வரியைப் பரிசீலித்துவிட்டுப் பரிந்துரைக்க மறுத்தது.

எப்போது சரி: வீதம் ஒற்றை இலக்கத்தில் இருக்கும்போது, சில்லறை வியாபாரத்தின் பெரும்பகுதி பெரிய நிறுவனங்களின் கையில் இருக்கும்போது, வருமான வரியோடு கூடுதலாக வைக்கும்போது. வருமான வரியின் முழு இடத்தையும் நிரப்ப இது தாங்காது.

## வழி 2: மதிப்புக் கூட்டு வரி

பிரான்சில் வரித்துறை அதிகாரி மோரீஸ் லோரே வடிவமைத்து 1954-ல் நடைமுறைக்கு வந்தது. வாட், ஜிஎஸ்டி என்று பெயர் எதுவானாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். ஒரு மேசையை எடுத்துக்கொள்வோம், வீதம் விலைக்கு மேல் 20 சதவீதம். மர வியாபாரி தச்சருக்கு 100-க்கு விற்கிறார். வரி 20 கட்டுகிறார். தச்சர் கடைக்கு 250-க்கு விற்கிறார். வரி 50, அதில் ஏற்கெனவே கொடுத்த 20-ஐக் கழித்து 30 கட்டுகிறார். கடை 400-க்கு விற்கிறது. வரி 80, கழிவு 50, கட்டுவது 30. மொத்தம் 80.

கடைக்காரர் கடைசி விற்பனையை மறைத்தால் இங்கே போவது 30. சில்லறை விற்பனை வரியில் 80-ம் போயிருக்கும். தச்சர் பில் போடாமல் விற்றால் என்ன ஆகும்? கடைக்காரருக்குக் கழிக்க எதுவும் இருக்காது. 80-ஐயும் அவரே கட்ட வேண்டும். தச்சரும் தன் 20-ஐத் திரும்பக் கேட்க முடியாது. நடுவில் கண்ணி அறுந்தால் அரசுக்கு நட்டமில்லை, நட்டம் வாங்கியவருக்கு. அதனால் அவரே பில்லைக் கேட்டு வாங்குவார். அரசு நியமிக்காத தணிக்கையாளர் இவர்.

ஆனால் கடைசி வாடிக்கையாளருக்குக் கழிக்க ஒன்றும் இல்லை, அதனால் பில் கேட்கக் காரணமும் இல்லை. சங்கிலியின் சுயகண்காணிப்பு அந்தக் கவுன்ட்டரில் முடிந்துவிடுகிறது. முடிவெட்டுதல், குழாய் பழுது, வீட்டுப் பூச்சு வேலை, தனிப்பயிற்சி என்று உள்ளீடு குறைவாகவும் உழைப்பு அதிகமாகவும் உள்ள தொழில்களில் இழப்பு கிட்டத்தட்ட முழுவதும் அங்கேதான்.

வேறு எந்த விற்பனை வரிக்கும் இல்லாத ஒரு நோயும் இதற்கு உண்டு. மற்ற வரிகளில் ஏமாற்றினால் அரசுக்கு வர வேண்டியது வராது. இதில் கஜானாவிலிருந்தே பணத்தை எடுத்துக்கொண்டு போகலாம். ராட்டின மோசடி இப்படி நடக்கும்: ‘அ’ வெளிநாட்டிலிருந்து வரியில்லாமல் பொருளை இறக்கி, ‘ஆ’வுக்கு 100-உம் வரி 20-உம் போட்டு விற்று, அந்த 20-ஐக் கட்டாமல் கடையைக் கலைத்துவிட்டு மறைகிறார். ‘ஆ’ அதை ‘இ’க்கு விற்கிறார், அவர் கணக்கு சுத்தம். ‘இ’ ஏற்றுமதி செய்கிறார். ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம், ஆகவே கொடுத்த 20-ஐ ரீஃபண்டாகக் கேட்கிறார். ‘அ’ கட்டாத 20-ஐ அரசு ‘இ’க்குக் கொடுக்கிறது. அதே பெட்டி மறுபடி ‘அ’விடம் வரும். கைபேசி, கணினிச் சிப் என்று சிறியதும் விலை கூடியதுமான பொருள்களில் தொடங்கிய இது, பெட்டியே தேவைப்படாத கார்பன் உமிழ்வு உரிமங்களுக்கு (கரியமில வாயுவை வெளியிட நிறுவனங்கள் வாங்கி விற்கும் அனுமதிகள்) தாவியது. 2008–2009-ல் அந்தச் சந்தையில் மட்டும் ஐரோப்பிய நாடுகள் இழந்தது சுமார் 500 கோடி யூரோ என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் மதிப்பிட்டது.

மருந்துகள் மூன்று, மூன்றுக்கும் பக்கவிளைவு உண்டு.

- ரிவர்ஸ் சார்ஜ்: விற்பவருக்குப் பதில் வாங்குபவர் வரியைக் கணக்கில் காட்டுவார். ‘அ’வின் கையில் 20 சிக்காது. ஆனால் எல்லாப் பொருளுக்கும் இதை விரித்தால் வரி முழுவதும் கடைசிக் கடையில் போய்க் குவியும். வழி 1-க்கே திரும்பிவிடுவோம்.
- பிரித்துச் செலுத்துதல்: 100 விற்றவரின் கணக்குக்கும் 20 தனி வரிக் கணக்குக்கும் போகும். போலந்து 2019 நவம்பர் முதல் குறிப்பிட்ட பொருள்களின் பெரிய பில்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. நேர்மையான சிறு நிறுவனத்தின் நடைமுறை மூலதனம் அந்தக் கணக்கில் போய் முடங்கும்.
- மின் விலைப்பட்டியல்: பில் வாடிக்கையாளரைச் சேரும் முன்பே வரித்துறையின் கணினி வழியாகப் போகும். இத்தாலி 2019 ஜனவரி 1 முதல் இதைப் பொதுவாகக் கட்டாயமாக்கியது. விற்றவர் காட்டாததை வாங்கியவர் கழிக்க முடியாது. ஆனால் சரக்கே இல்லாமல் பில் மட்டும் விற்கும் டம்மி நிறுவனம் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிவேற்றும். கணினியில் இரண்டு பக்கமும் பொருந்தும். அதைப் பிடிப்பது பதிவின்போது நேரில் போய் இடத்தைப் பார்ப்பதிலும், புதிய நிறுவனத்தின் முதல் சில மாத ரீஃபண்டை ஆராய்ந்து கொடுப்பதிலும்தான் இருக்கிறது.

ரீஃபண்டை இறுக்கிப் பிடித்தால் உண்மையான ஏற்றுமதியாளர் மாதக்கணக்கில் காத்திருந்து வட்டி கட்டுவார். இந்தப் பக்கவிளைவைப் பல அரசுகள் மோசடித் தடுப்பு என்று சொல்லி வசதியாக மறந்துவிடுகின்றன. எனக்கு இதில் மன்னிக்கும் மனமில்லை: நேர்மையானவர் பணத்தை முடக்கி வைப்பதும் ஒரு வரிதான்.

எப்போது சரி: மின் விலைப்பட்டியல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நாட்டில், விலக்குகள் மிகக் குறைவாக இருக்கும்போது. நியூசிலாந்து 1986-ல் உணவுக்கும் விலக்கில்லாத ஒரே 10 சதவீத வீதத்தோடு தொடங்கியது. கூடவே வருமான வரியின் உச்ச வீதத்தை 66-லிருந்து 48 சதவீதமாக இறக்கியது. வருமான வரியை எடுத்துவிடாமல் பாரத்தின் ஒரு பகுதியை மட்டும் நுகர்வுக்கு மாற்றிய இந்த நகர்வுதான், நடைமுறையில் நின்று காட்டிய வடிவம்.

## வழி 3: தனிநபர் செலவு வரி

கடையைத் தொடாமல், ஆண்டு இறுதியில் ஒவ்வொருவரிடமும் கணக்குக் கேட்பது. சம்பாதித்தது 100, கடன் வாங்கியது 30, சேமிப்பில் போட்டது 40, பழைய கடன் அடைத்தது 10. அப்படியானால் செலவழித்தது 80, வரி அதற்கே. அதிகம் செலவழிப்பவருக்கு அதிக வீதம் போடலாம். நீதி என்ற கோணத்தில் நான்கில் இதுவே அழகானது.

பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டாரின் ஆலோசனையை ஒட்டி இந்தியா இதைச் செய்து பார்த்தது. டி. டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது 1957-ல் சட்டம், 1958-ல் அமல், 1962-ல் ரத்து. 1964-ல் திரும்ப வந்து 1966-ல் மறுபடி போனது. மிகச் சிலருக்கே பொருந்தியது, வசூல் சொற்பம். இலங்கையும் முயன்று கைவிட்டது.

வரி விதிக்கப்படும் தொகையைக் கழித்தல் மூலம் கண்டுபிடிப்பதால், கழிக்கும் பக்கத்தை ஊதினால் போதும். தொடக்க நாளன்று வீட்டில் ரொக்கம் வைத்திருப்பவர் அதை வங்கியில் போட்டுவிட்டு ‘இந்த ஆண்டுச் சேமிப்பு’ என்பார். பழைய பணத்துக்குப் புதுக் கழிவு! எனவே முதல் நாளே எல்லோரிடமும் தொடக்க இருப்பை வாங்கிப் பூட்ட வேண்டும். அன்று சொல்லாதது பின்னால் கழிவாகாது. ஓவியம், நகை, இரண்டாவது வீடு ஆகியவை சேமிப்பா அனுபவிப்பா என்ற வழக்கு ஓயாது. இங்கே சேமித்துக் கழிவு வாங்கிவிட்டு வேறு நாட்டில் குடியேறிச் செலவழிப்பவருக்கு வெளியேறும்போதே வரி போட்டாக வேண்டும்.

எப்போது சரி: வங்கி, பங்கு, கடன், நிலம் எல்லாமே ஒரே அடையாள எண்ணில் பதிவாகி, அந்தத் தகவல் வரித்துறைக்குத் தானாக வரும் நாட்டில். அதுவும் எல்லோருக்கும் விரிக்காமல், உச்சத்தில் இருக்கும் சிலருக்கு மட்டும்.

## வழி 4: நிறுவனத்துக்குப் பாதி, சம்பளத்துக்குப் பாதி

வெளியே பார்க்க வருமான வரி போலவே இருக்கும், உள்ளே நுகர்வு வரி. அமெரிக்க அறிஞர்கள் ராபர்ட் ஹாலும் ஆல்வின் ரபுஷ்காவும் 1981-ல் 19 சதவீத ஒரே வீதத்தோடு முன்வைத்தார்கள். பொருளாதார அறிஞர் டேவிட் பிராட்ஃபோர்ட் அதையே ஏறும் வீதங்களோடு திருத்தி ‘எக்ஸ் டாக்ஸ்’ என்றார்.

மேசை விற்ற கடைக்கே போவோம். விற்றது 400, வாங்கியது 250. மதிப்புக் கூட்டு வரியின் கணக்கில் 150-க்கு வரி. இந்த 150-ல் 100 ஊழியர் சம்பளம் என்றால், கடை 50-க்கும் ஊழியர்கள் 100-க்கும் வரி கட்டுவார்கள். ஊழியர் பங்குக்கு விலக்கு வரம்பும் ஏறும் வீதமும் வைக்கலாம். இயந்திரம் வாங்கினால் முழு விலையையும் அந்த ஆண்டே கழித்துவிடலாம். வட்டி, ஈவுத்தொகைக்கு வரி இல்லை. சேமிப்பை வரி தொடாததால்தான் இது நுகர்வு வரி ஆகிறது.

இதன் பெரிய பலம், சம்பளப் பிடித்தம் அப்படியே உயிரோடு இருப்பது. அந்த 1 சதவீதச் சாட்சியை இழக்க வேண்டியதில்லை. ஏழைகளுக்குத் தனியாகப் பணம் அனுப்பவும் வேண்டாம், விலக்கு வரம்பே அதைச் செய்துவிடும்.

கசிவு, வட்டியில். ஒரு காரின் ரொக்க விலை 100, தவணை வட்டி 20. விற்பவரே கடனும் கொடுத்தால் விலை 85, வட்டி 35 என்று எழுதுவார். வாங்குபவர் கொடுப்பது அதே 120. வரிக்குள் வருவது 100-க்குப் பதில் 85. தவணை வட்டிக்குச் சந்தை வட்டியை உச்சவரம்பாக வைத்து, மிஞ்சியதை விலையில் சேர்த்தால்தான் இது அடைபடும். அடுத்தது பெயர் மாற்றம். சம்பள வீதத்தைவிட நிறுவன வீதம் குறைவாக இருந்தால் முதலாளி தன் சம்பளத்தை லாபம் என்று எழுதுவார். இரண்டு உச்ச வீதங்களையும் சமமாக வைப்பதே மருந்து. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் 2012-ல் ஒரு வகைத் தொழில் வருமானத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்து, வருவாய் சரிந்து, 2017-ல் அதைத் திரும்பப் பெற்றது. ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தால் எல்லோரும் அந்த வழியாகத்தான் வருவார்கள்.

எப்போது சரி: உழைப்பவர்களில் பெரும்பாலோர் பதிவுபெற்ற நிறுவனங்களில் மாதச் சம்பளம் வாங்கும் நாட்டில்.

வங்கியில் பணம் நகரும்போதெல்லாம் துளி எடுக்கும் பரிவர்த்தனை வரியைச் சிலர் ஐந்தாவது வழியாகச் சொல்வார்கள். பிரேசில் 1997 முதல் 2007 வரை வைத்திருந்தது, வீதம் 0.38 சதவீதம் வரை போனது. துளியாக இருந்தவரை தாங்கியது. வருமான வரியின் இடத்தை நிரப்பும் அளவுக்கு உயர்த்தினால், ஒரே பொருள் ஐந்து கை மாறும்போது ஐந்து முறை வரி விழும், மக்கள் ரொக்கத்துக்குத் திரும்புவார்கள். பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சில்லறை விற்பனை வரி | மதிப்புக் கூட்டு வரி | தனிநபர் செலவு வரி | நிறுவனம் + சம்பளம் |
|---|---|---|---|---|
| சாட்சி | இல்லை | இடைக் கண்ணிகளில் உண்டு, கடைசியில் இல்லை | வங்கியும் பதிவேடுகளும் | சம்பளத்துக்கு முதலாளி |
| ஒருவர் ஏமாற்றினால் | மொத்த வரியும் போகும் | அவர் பங்கு போகும். போலி ரீஃபண்டில் கஜானாப் பணமும் போகும் | அவர் வரி போகும் | அவர் பங்கு போகும் |
| முக்கியக் கசிவு | தொழில் சான்றிதழ், பில் இல்லா விற்பனை | போலி பில், ராட்டினம் | ஊதிப் பெருக்கிய சேமிப்புக் கணக்கு | வட்டியாக மாறிய விலை |
| ஏழைக்கு நிவாரணம் | தனியாகப் பணம் | தனியாகப் பணம் | விலக்கு வரம்பு | விலக்கு வரம்பு |
| மறைமுகச் செலவு | உள்ளீட்டின் மேல் வரி | ரீஃபண்ட் தாமதம் | சொத்துப் பதிவேடு | நிதிக் கணக்கின் சிக்கல் |

## கவுன்ட்டரில் பில் போட வைப்பது

முதல் இரண்டு வழிகளுக்கும் உயிர்நாடி இது. தைவான் 1951 முதல் பில் எண்ணுக்குக் குலுக்கல் பரிசு தருகிறது. போர்ச்சுகல் 2014-ல் கார்களையே பரிசாக வைத்தது. பிரேசிலின் சாவோ பாலோ மாநிலம் 2007-ல், கடை கட்டிய வரியில் 30 சதவீதம் வரை பில் கேட்டவருக்கே திருப்பிக் கொடுத்தது. பில் வராதவர் புகார் செய்யவும் வழி வைத்தது. சில்லறைக் கடைகள் கணக்கில் காட்டிய விற்பனை நன்றாகவே கூடியது.

ஆனால் வீதம் பெரிதானால் இந்த மருந்தின் வீரியம் குறைகிறது. 100-க்கு 5 வரி என்றால் பரிசு 1.50, கடைக்காரரும் வாங்குபவரும் கூட்டுச் சேர்ந்து பங்கு போட மிஞ்சுவது 3.50. அதற்காக யாரும் மாட்டிக்கொள்ளத் துணிய மாட்டார்கள். வரி 33 என்றால் பரிசு 10. பங்கு போட 23 மிஞ்சுகிறது. “பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்” என்ற பேச்சு அப்போது கடைக்குக் கடை கேட்கும்.

விற்பனைப் பதிவு இயந்திரத்தில் முத்திரையிட்ட கட்டுப்பாட்டுக் கருவி வைப்பது இன்னொரு வழி. சுவீடன் 2010-லும் கனடாவின் கியூபெக் மாகாணம் உணவகங்களுக்கு 2011-லும் கட்டாயமாக்கின. இரவில் கடையை மூடிய பிறகு மென்பொருளால் பாதி விற்பனையை அழிப்பதை இது தடுக்கும். தட்டாமலே விட்ட விற்பனையைத் தடுக்காது. அதற்கு, சாதாரண வாடிக்கையாளர் போலப் போய் வாங்கிப் பார்க்கும் ஆய்வாளர்தான் வேண்டும். வருமான வரி போனால் அந்தத் துறை ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பலாம் என்று மிச்சக்கணக்குப் போடுபவர்கள், இந்த ஆய்வாளர் படையின் செலவை எழுதுவதில்லை.

எல்லையையும் மறக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான இறக்குமதிப் பொதிகளுக்கு இருந்த விலக்கை 2021 ஜூலை 1-ல் எடுத்தது. விலையைக் குறைத்து எழுதி அனுப்புவது அவ்வளவு பெருகியிருந்தது. வரி 30-ஐத் தாண்டினால் ஒவ்வொரு பொதியும் சோதனைக்குரியது.

## ஏழைக்குத் திருப்பித் தருவது

உணவுக்கு விலக்கு என்பது கேட்க இனிமை. கணக்கு வேறு. உணவுக்கு 15 செலவழிக்கும் ஏழைக்கு 25 சதவீத வரியில் மிச்சம் 3.75. உணவுக்கு 40 செலவழிக்கும் பணக்காரருக்கு மிச்சம் 10. விலக்கு இல்லாமல் வசூலித்து ஆளுக்கு 5 என்று மாதந்தோறும் வங்கியில் போட்டால் ஏழைக்கு 5, பணக்காரருக்கும் 5. பிந்தையதே நல்லது. ஆனால் அந்தப் பணமும் இதே வரியிலிருந்து வர வேண்டும் என்பதால் வீதம் ஏறும். இறந்தவர் பெயர், இரட்டைப் பதிவு, இல்லாத குழந்தை என்று புதிய மோசடி முளைக்கும். பதிவேட்டைப் பிறப்பு இறப்புப் பதிவோடு இணைக்காமல் முதல் மாதப் பணத்தை அனுப்பக் கூடாது. வருமானத்தை வைத்துத் தரும் உதவித்தொகைக்கும் சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் ஓய்வூதியத்துக்கும் சம்பளத் தகவல் எப்படியும் தேவை. வருமான வரியோடு படிவங்களும் போய்விடும் என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது.

## மாறும் நாள்

நாற்பது ஆண்டு வருமான வரி கட்டி மிச்சம் பிடித்த பணத்தோடு ஒருவர் ஓய்வு பெறுகிறார். மறுநாள் விலைக்கு மேல் 25 சதவீத வரி வருகிறது. 100 வைத்திருந்தவரால் இனி பழைய விலையில் 80-க்குத்தான் வாங்க முடியும். சம்பாதித்தபோது ஒரு முறை, செலவழிக்கும்போது மறு முறை. இதற்கு ஈடு கொடுத்தால் வருவாயில் பெரிய ஓட்டை விழும். கொடுக்காவிட்டால் முதியவர்களுக்கு அநியாயம். இதைப் பேசாமல் தாண்டிப் போகும் திட்டம் நேர்மையற்றது.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை:

1. அறிவித்த நாளுக்கும் அமலுக்கும் இடையில் போனஸ், சொத்து விற்பனை லாபம் எல்லாம் ‘அடுத்த ஆண்டு’ தள்ளிப் போகும். அமலுக்குப் பிறகு பெறும் பழைய வருமானத்துக்குப் பழைய வரி என்ற விதி முதல் நாளே வேண்டும்.
2. அதே இடைவெளியில் மக்கள் முன்கூட்டியே வாங்கிக் குவிப்பார்கள். ஜப்பான் 2014 ஏப்ரலில் 5-லிருந்து 8 சதவீதமாக உயர்த்தியபோது அதற்கு முந்தைய மாதங்களில் இது நடந்தது. உயர்வு வெறும் 3 புள்ளிதான்.
3. கடைகளில் இருக்கும் பழைய சரக்கில் ஏற்கெனவே ஏறியிருக்கும் பழைய மறைமுக வரிக்குக் கழிவு தர வேண்டும். இருப்பை ஊதிக் காட்டுவது இங்கேதான் நடக்கும். சரக்குப் பட்டியலை ஒரு மாதம் முன்பே வாங்கிவிட வேண்டும்.
4. பழைய ஆண்டுகளின் வருமான வரி வழக்குகளை நடத்த ஆள்களைப் பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வரி போகிறது என்று தெரிந்ததும் கடைசி ஆண்டு ரிட்டர்னில் துணிச்சல் கூடும்.

## எந்த நாட்டுக்கு எது

முழுமையாக மாற்றியே தீருவது என்றால், பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்களாக உள்ள நாட்டுக்கு வழி 4. சுயதொழிலும் சிறுகடையும் மிகுந்து, ஆனால் நிறுவனங்களிடையே மின் விலைப்பட்டியல் ஓடும் நாட்டுக்கு வழி 2. வீதத்தை 20-ஐ ஒட்டி நிறுத்திக்கொண்டு, விலக்கைத் தவிர்த்து, ஆளுக்குப் பணம். இரண்டும் இல்லாத நாடு இப்போதைக்கு மாறவே கூடாது.

என் தேர்வு இவற்றுக்கு நடுவே இருக்கிறது. அமெரிக்க வரிச் சட்ட அறிஞர் மைக்கேல் கிரேட்ஸ் முன்வைத்த பாதை அது: மதிப்புக் கூட்டு வரியைக் கொண்டுவந்து, அந்த வருவாயைக் கொண்டு வருமான வரி வரம்பை உயர்த்தி, பெரும்பான்மைக் குடும்பங்களை ரிட்டர்ன் தாக்கலிலிருந்தே விடுவிப்பது. உச்ச வருமானத்துக்கு வருமான வரி தொடரும். இரண்டு வரிகளும் மிதமான வீதத்தில் நிற்பதால் இரண்டிலும் ஏய்ப்பின் லாபம் குறைவு. கடை காட்டிய விற்பனையையும் முதலாளி காட்டிய வருமானத்தையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்கவும் முடியும். ஒரு வரியை எடுத்துவிட்டால் அந்த ஒப்புநோக்கே போய்விடும்.

அதற்கும் ஒரு முன்நிபந்தனை வைப்பேன். புதிய வரியை 5 சதவீதத்தில் தொடங்கி மூன்று ஆண்டு ஓட்ட வேண்டும். தேசியக் கணக்கு காட்டும் நுகர்வுச் செலவை வைத்து வர வேண்டிய வரியைக் கணக்கிட்டு, வந்ததோடு ஒப்பிட வேண்டும். வெறும் 5 சதவீதத்திலேயே பத்தில் இரண்டு பங்குக்கு மேல் கசிந்து போனால், வருமான வரியின் வரம்பைத் தொடாமல் முதலில் அந்த இரண்டு பங்கு எந்தத் தொழிலில், எந்தக் கண்ணியில் போகிறது என்று தேட வேண்டும்.